சங்கிலி அறையின் வாய்

கப்பலில் சேரப் போகிற தம்பிகள் என்னைப் பார்க்க வரும்போது போனில் ஒரு கப்பல் படத்தோடு வருகிறார்கள். படத்தில் பாகம் பாகமாக அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருக்கும். கப்பலின் மூக்குப் பகுதியில் உயர்ந்து நிற்கும் போக்சில், சரக்குக் கிடங்கின் வாயான ஹேட்ச், அடியில் அழுக்குத் தண்ணீர் சேரும் பில்ஜ், சுக்கான், நங்கூரச் சங்கிலி, அந்தச் சங்கிலி போய் இறங்கும் அறை. நேர்முகத் தேர்வில் கேட்பார்களாம். நானும் சலிக்காமல் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தபின், இனி கப்பலைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்ற முகத்தோடு செருப்பைத் தேடுவார்கள். அப்போதுதான் எனக்குக் கோபம் வரும். "இரிங்கலே, இனிதான் ஆரம்பம்" என்று அதட்டி உட்கார வைப்பேன்.

நேரில் உட்கார வைக்க முடியாத தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

நீங்கள் நம் கரைப் பிள்ளைகள். பேச்சு திருந்தும் முன்பே வள்ளத்தில் ஏறியவர்கள். அலையைக் கண்டு உங்களுக்குப் பயமில்லை என்பதுதான் உங்களைப் பற்றி எனக்குள்ள பயம். வள்ளத்தின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அணியத்தில் இருப்பவன் முணுமுணுத்தால் அமரத்தில் இருப்பவனுக்குக் கேட்கும். யார் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று தேட வேண்டியதில்லை. மூடிய அறை என்று ஒன்று கிடையாது, தலைக்கு மேல் வானம்தான். அதனால் நமக்குத் தெரிந்த சாவு ஒன்றே ஒன்று, அது தண்ணீர். காற்றும் ஆளைக் கொல்லும் என்பது நம் புத்தியில் அவ்வளவு எளிதில் ஏறாது.

கப்பல் வேறு. அங்கே அறைக்குள் அறை, அதற்கொரு மூடி, மூடிக்குச் சுற்றிலும் போல்ட்டு. உங்கள் படத்தில் இருக்கும் பெயர்களில் பாதி, இப்படி மூடிக் கிடக்கும் இடங்களின் பெயர்கள்.

என் முதல் கப்பலின் போசன் வேறொரு கரைக்காரர். போசன் என்றால் மேல்தளத்தில் வேலை செய்யும் ஆட்களுக்குத் தலைவன். அதிகாரி இல்லை, அதிகாரிக்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. அவர் பேரைச் சொல்ல மாட்டேன், தன்னைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிக்கிறவர். ஒருநாள் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது வடம் இழுக்கும் எந்திரமான வின்ச்சில் சுற்றியிருந்த வடம் நழுவி ஓட ஆரம்பித்தது. நம் ஊரில் கரையில் நின்று கரமடி வலை இழுக்கும்போது கயிறு கையை விட்டு ஓடினால் என்ன செய்வோம்? பாய்ந்து பிடிப்போம். ஒருவன் பிடித்தால் பின்னால் பத்துப் பேர் பிடிப்பார்கள், கயிறு நின்றுவிடும். நானும் பாய்ந்தேன். போசன் பின்னாலிருந்து என் முழங்கால் மடிப்பில் ஓங்கி ஓர் உதை விட்டார். முகம் குப்புற விழுந்தேன். வடம் என் தலைக்கு மேலே வீசிக்கொண்டு போய், அங்கே இருந்த இரும்பு வாளியைத் தூக்கிக் கடலில் எறிந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கையைப் பிடித்து மணிக்கட்டில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். வாளி போன வழியில் கை போயிருக்கும் என்று அர்த்தம். அன்றிலிருந்து கப்பலின் பாகங்களை அவர் எனக்குப் பெயர் சொல்லிக் கற்றுத் தரவில்லை. ஒவ்வொரு மூடியின் முன்னும் நிறுத்தி, சைகையும் அரைகுறை இங்கிலீஷுமாக ஒரே கேள்வியைக் கேட்பார். உள்ளே இருந்து நீ கத்தினால் யாருக்குக் கேட்கும்? பல இடங்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத இடங்களைத்தான் முதலில் மனதில் வை என்பார்.

பின்னாளில் நானே போசன் ஆனேன். அந்தச் சமயத்தில் என் கப்பலில் நம் கரைக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் சகாயம், என் மனைவி ஜெசிந்தாவின் தம்பி. இன்னொருவன் பனியடிமை, சின்ன வயதிலிருந்து சகாயத்தோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவன். இரண்டு பேரும் என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். சகாயத்துக்கு அது முறை. பனியடிமைக்கு நான் எந்த முறையும் இல்லை. சகாயம் கூப்பிடுகிறான் என்பதால் அவனும் கூப்பிட்டான், எனக்கும் அது பிடித்திருந்தது.

சகாயத்தைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. வள்ளத்திலிருந்து கத்தி விழுந்தாலும் சரி, யாருடைய தொப்பி விழுந்தாலும் சரி, அது மூழ்கும் முன்பே இவன் தண்ணீருக்குள் இருப்பான். விழுந்ததை விட்டுவிட்டுக் கரை ஏறுவது அவனுக்கு இழுக்கு. ஆள் விழுந்தால் சொல்லவே வேண்டாம். யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று நம்மில் யாரும் கேட்பதில்லை, குதித்த பிறகுதான் முகத்தையே பார்ப்போம். அப்படிக் குதித்தவர்களால் பிழைத்தவர்கள் நம் கரையில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். இந்த வழக்கத்தை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். கடலில் அதுதான் சரி.

கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. சங்கிலி அறையில் சேறு அடைத்திருந்தது, அதை அள்ள வேண்டும். கப்பலின் மூக்குக்குள், போக்சிலுக்கு அடியில் என் சாமான் அறை. அதன் சுவரில் ஓர் ஆள் உடம்பை ஒடுக்கி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதற்கு அந்தப் பக்கம்தான் சங்கிலி அறை. சங்கிலியின் ஒரு கண்ணியை ஒருவன் தனியாகத் தூக்க முடியாது; அப்படிப்பட்ட கண்ணிகள் ஈரத்தோடு குவிந்து, துருப்பிடித்துக் கிடக்கும். துரு ஏற ஏற இரும்பு காற்றில் உள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த அறையில் இருப்பது மூச்சுக்கு உதவாத காற்று. மணம் இல்லை, நிறம் இல்லை. மூச்சு முட்டுகிறது என்று உணர்வதற்குக்கூட அது அவகாசம் தராது.

மூடியைக் கழற்ற வைத்தேன். "மீட்டர் வச்சுப் பாக்காம தலையைக்கூட நீட்டப்பிடாது. ப்ளோயரைக் கொண்டு வந்து வையுங்க. நான் போய் மீட்டர் எடுத்துட்டு, சீஃப் மேட்டையும் கூட்டிட்டு வாறேன்" என்றேன். இரண்டு பேரும் சரி என்றார்கள். "நாங்க என்ன சின்னப் புள்ளைகளா அத்தான்?" என்று சகாயம் சிரித்தான்.

காற்றில் பிராணவாயு போதுமா என்று காட்டும் மீட்டரை வாங்கிக்கொண்டேன். மேல்தளத்துக்குப் பொறுப்பான அதிகாரி சீஃப் மேட், பின்னாலேயே வருவதாகச் சொன்னார். சாமான் அறைக்குள் ஏணியில் இறங்கும்போதே பனியடிமையின் அலறல் கேட்டது. பிறகு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே காற்றை ஊதும் ப்ளோயரை நகர்த்தும்போது துவாரத்தின் ஓரத்தில் வைத்திருந்த ஸ்பானர் உள்ளே விழுந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் கீழே சங்கிலி மேல் கிடக்கிறது. "இந்தா எடுத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லி சகாயம் இறங்கியிருக்கிறான். குனிந்தவன் நிமிரவில்லை.

நான் பார்க்கும்போது பனியடிமையின் தலையும் தோளும் துவாரத்துக்குள் இருந்தன. இரண்டு கால்களையும் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். எழுந்து மறுபடியும் பாய்ந்தான். மறுபடியும் இழுத்தேன். துவாரத்தை என் முதுகால் அடைத்துக்கொண்டு, வாக்கி டாக்கியில் சங்கிலி அறையில் ஆள் விழுந்துவிட்டான், மூச்சுக் கருவி வேண்டும் என்று கத்தினேன்.

"அத்தான், விடும்! சகாயம் கெடக்கான்! கை எட்டுத தூரத்துலதான் கெடக்கான்!"

"எறங்கப்பிடாது. எறங்குனா நீயும் விழுவ."

"ஒரு எட்டுதான் அத்தான்! மூச்சைப் புடிச்சுட்டு எறங்கித் தூக்கிருவேன்! கடலுக்குள்ள எவ்வளவு நேரம் கெடந்துருக்கேன்!"

மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன். விட்டதும் அது வீறிட ஆரம்பித்தது. "கேட்டியா? அங்க காத்து இல்லலே!" என்றேன்.

"மண்ணாங்கட்டி மீட்டரு! ஒம்ம மச்சினன் அங்க கெடக்கான், நீரு மீட்டரைப் பாத்துட்டு நிக்கீரு!"

அவன் சொன்னது பொய்யில்லை. நானும் பார்த்தேன். சங்கிலிக் குவியலின் மேல் சகாயம் குப்புறக் கிடந்தான். அவன் டார்ச் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஆழமே இல்லை. வீட்டு மாடிப்படியில் விழுந்த பிள்ளையைத் தூக்குகிற தூரம்தான். என் கால்கள் இறங்கத்தான் துடித்தன, அதை நான் மறைக்க மாட்டேன். ஜெசிந்தாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அதோடு சேர்த்து அந்தப் பழைய போசனின் கேள்வியும் வந்தது. நான் இறங்கினால் பனியடிமை என் பின்னால் இறங்குவான். பிறகு வெளியே இருந்து கத்த யார் இருக்கிறார்? சீஃப் மேட் வந்து பார்க்கும்போது மூன்று டார்ச் எரிந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பனியடிமையைக் கீழே தள்ளி அவன் மேல் ஏறி உட்கார்ந்தேன். என்னைவிடப் பலசாலி அவன். திமிறிப் பார்த்தான், கெஞ்சினான், அழுதான். கடைசியில் என் முன்கையில் பல் பதியக் கடித்தான். சதை கிழிந்தது. நான் பிடியை விடவில்லை. உள்ளே மீட்டர் வீறிட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று விசாரணையில் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன், இப்போதும் தெரியவில்லை.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் சீஃப் மேட்டோடு வந்தார்கள். முறையாக இறங்கி, முறையாகக் கயிறு கட்டித் தூக்கினார்கள். வெளியே கிடத்தி நெஞ்சை அழுத்தினோம், மாறி மாறி அழுத்தினோம். பனியடிமைதான் கடைசி வரை நிறுத்தவில்லை. சகாயம் திரும்பி வரவில்லை.

அன்று கேப்டன் என்னை அழைத்து, நீ செய்தது சரி என்றார். அந்தச் சொல் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சரியானதைச் செய்துவிட்டால் மனது சமாதானம் ஆகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சகாயத்தின் உடல் இருந்த பெட்டி திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கி, மார்த்தாண்டம் வழியாக ஊருக்கு வந்தது. பெட்டி வரும் முன்பே செய்தி வந்திருந்தது. கை எட்டுகிற தூரத்தில் மச்சினன் கிடந்தான், அத்தான்காரன் இறங்கவில்லை, இறங்கப் போனவனையும் பிடித்து வைத்துக்கொண்டான். பனியடிமை பொய் சேர்த்துச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னான். நடந்ததைக் கேட்டாலே நம் கரையில் யாருக்கும் பொறுக்காது.

அடக்கம் முடிந்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். என் மாமி, அதாவது ஜெசிந்தாவின் அம்மா, அதுவரை ஒரு சொல் பேசவில்லை. நான் எதிரே இருக்கும்போதே மகளைப் பார்த்துக் கேட்டார்.

"மருமவன் அங்கனதான நின்னாரு?"

ஜெசிந்தா என் முன்கையில் கடிபட்ட இடத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். "அங்கனதான் நின்னாரு அம்மா. நின்னதுனாலதான் ஒரு பெட்டியோட போச்சு. மூணு பெட்டி வந்துருந்தா ஒமக்கு ஆறுதலாட்டு இருக்குமா?" என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் வாய்விட்டு அழுதாள். மாமி அழவில்லை.

மாமி என்னை வெறுத்தார் என்று சொல்ல மாட்டேன். நான் விடுமுறையில் வந்தால் மீன் குழம்பு வைப்பார், நடுத்துண்டம் என் தட்டில்தான் விழும். ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. மருமவனுக்குச் சோறு வேணுமான்னு கேளு, மருமவன் குடை எடுத்தாரான்னு கேளு, எல்லாம் மகள் வழியாகத்தான். வருடங்கள் போயின, நான் ஓய்வு பெற்றும் வந்துவிட்டேன். மாமி கொடுக்கிற சாயாவைக் கையில் வாங்குவேன், சொல்லை மட்டும் ஜெசிந்தாவிடமிருந்து வாங்குவேன்.

பனியடிமை வேறு கப்பல்களுக்குப் போய்விட்டான். நல்ல வேலைக்காரன், அவனும் போசன் ஆனான் என்று கேள்விப்பட்டேன். ஊருக்கு வந்தால் கோயில் வாசலில் எதிர்ப்படுவான். பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். அத்தான் என்ற சொல் சகாயத்தோடு போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. முறைக்கு இல்லாத உறவு, மனதார வந்தது, மனதாரப் போயிற்று.

தம்பிகளே, மூடிய அறைக்குள் இறங்கும் முன்பு செய்ய வேண்டியதை எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நீங்களும் படிப்பீர்கள். நான் சொல்ல வருவது படிப்பில் வராதது. உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால், வாயில் நிற்கிறவன் நம் கரைக்காரனாக இருந்தால், அவன் உடம்பு அவனைக் கேட்காமலே குதிக்கும். அந்த இடத்தில் நிற்பதற்கு, குதிப்பதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும். நின்றதற்காக யாரும் உங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாட மாட்டார்கள். நீங்கள் காப்பாற்றியவனே உங்களைக் கோழை என்று சொல்வான். சொல்லட்டும். சொல்வதற்கு அவன் உயிரோடு இருக்கிறான் அல்லவா?

இதை இவ்வளவு உறுதியாக எழுதுகிறேனே, பல வருடங்கள் எனக்கே இந்த உறுதி இருக்கவில்லை. மாமி சாயா டம்ளரைப் பேசாமல் நீட்டும் ஒவ்வொரு முறையும், ஒரு எட்டு இறங்கியிருந்தால் என்ன என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்கும்.

சென்ற மழைக்காலத்தில் மாமிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் காட்டக் கூட்டிப் போயிருந்தோம். ஜெசிந்தா மருந்து வாங்க வரிசையில் நின்றாள். நானும் மாமியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்ட மாமி சுவரைப் பார்த்தபடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். அப்போது வாட்ஸப்பில் ஓர் அழைப்பு வந்தது, தெரியாத எண். எடுத்தால் இன்ஜின் இரைச்சல். கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அத்தான்."

போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

"நான் பனி. கப்பலுல இருந்து பேசுதேன்."

"சொல்லு மக்கா."

"நேத்து டாங்குக்குள்ள ஒருத்தன் விழுந்துட்டான் அத்தான். கேக்காம எறங்கிட்டான். அவனுக்க கூட்டுக்காரன், ரெண்டு பேரும் ஒரே ஊருக்காரனுவ, இவன் பின்னால குதிக்கப் பாத்தான். நான் காலைப் புடிச்சு இழுத்துப் போட்டுட்டு, மேல ஏறி உக்காந்துட்டேன்."

"விழுந்தவன்?"

"மூச்சு செட்டு மாட்டி எறங்கித் தூக்கிட்டோம். மூச்சு இருந்துச்சு. கரைக்குக் கொண்டு போயாச்சு. பொழச்சுக்கிடுவான்னு சொல்லுதாங்க."

"மத்தவன்?"

"நல்லாத்தான் இருக்கான். எங்கிட்ட பேச மாட்டேங்கான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "எனக்க கையைக் கடிச்சுப்போட்டான் அத்தான்" என்றான். பிறகு அந்தப் பக்கம் அழுகை. அவ்வளவு பெரிய உடம்புக்காரன் குழந்தை மாதிரி அழுதான். நான் என் முன்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஜெபமாலை நின்றுவிட்டது. மாமி முகத்தை என் பக்கம் திருப்பினார். மகள் வருகிறாளா என்று பார்க்கவில்லை.

"மருமவனே" என்றார். "கடிச்ச எடத்துல மருந்து போட்டானான்னு கேளும்."